தோல் மேல் வைக்கும் மின்சாரம் தசையின் அனிச்சைச் செயலை எப்படி மாற்றுகிறது?

பக்கவாதம் வந்து இயன்முறை சிகிச்சைக்குப் போய்வருபவரிடம் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "இன்னைக்குக் கரன்ட் வெச்சாங்களா?" என்பதாகத்தான் இருக்கும். கையிலோ காலிலோ இரண்டு பேட்களை ஒட்டி, ஒரு சிறு பெட்டியிலிருந்து மின்துடிப்புகளை அனுப்பும் இந்த முறையை, செயலிழந்த தசைக்கு உயிரூட்டும் வேலை என்றே பலரும் புரிந்துகொள்கிறார்கள். தசை துள்ளுவது கண்ணுக்குத் தெரிவதால் அப்படி எண்ணுவது இயல்பே. ஆனால் தோலின் வழியே நுழையும் மின்சாரம் பொதுவாகத் தசை இழைகளை நேரடியாகத் தூண்டுவதில்லை. அது தூண்டுவது நரம்பிழைகளை, அவற்றுள்ளும் பல நேரங்களில் முதலில் உணர்வு இழைகளை. அந்த இழைகளில் எழும் செய்தி தண்டுவடத்துக்குப் போகிறது, அங்கே சில நரம்பணுக்களை எழுப்புகிறது, சிலவற்றை அடக்குகிறது. தசைக்குத் திரும்பி வரும் கட்டளை அதற்கேற்ப மாறுகிறது. ஆகவே இந்தச் சிகிச்சையின் பலனை அறிய விரும்புவோர் தசையைப் பார்ப்பதைவிடத் தண்டுவடத்தின் அனிச்சை வளையத்தைப் பார்ப்பதே முறை. ஒரே மின்சாரம் அனிச்சைச் செயலைத் தூண்டவும் செய்யும், தணிக்கவும் செய்யும். எந்த இடத்தில், எந்தத் தாளத்தில், எந்தக் கணத்தில் அது தரப்படுகிறது என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது.

முழங்கால் சில்லுக்குக் கீழே ரப்பர் சுத்தியலால் தட்டினால் கால் உதறிக்கொண்டு எழுவதை எல்லோரும் அறிவோம். ஜெர்மானிய மருத்துவர்களான எர்ப், வெஸ்ட்பால் இருவரும் 1875-இல் தனித்தனியே இதை விவரித்தார்கள். தசைக்குள் புதைந்திருக்கும் தசைக்கதிர்கள் எனும் நுண்ணிய உணர்வுறுப்புகள், தசை திடீரென நீளும்போது அதை உணர்ந்து, உடலின் மிகத் தடித்த, மிக வேகமான உணர்வு இழைகள் வழியே தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. அந்த இழைகள் இடையில் வேறு நரம்பணு எதுவும் இல்லாமல், அதே தசைக்குக் கட்டளையிடும் இயக்க நரம்பணுக்களோடு நேரடியாக இணைகின்றன. ஒரே ஒரு சினாப்ஸ் (இரு நரம்பணுக்கள் இணையும் சந்திப்பு) கொண்ட இந்தச் சுற்றுதான் மனித நரம்பு மண்டலத்தின் மிக எளிய வளையம். எளியது என்றாலும் அது தன்போக்கில் விடப்பட்டதன்று. மூளையிலிருந்தும், எதிர்த்தசையிலிருந்தும், தோலிலிருந்தும், மூட்டுகளிலிருந்தும் வரும் செய்திகள் ஒவ்வொரு கணமும் அதன் கூர்மையைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கின்றன. படுத்திருக்கும்போது இருக்கும் அளவு நிற்கும்போது இருப்பதில்லை; நடக்கும்போது அது மேலும் குறைகிறது, ஓடும்போது இன்னும் குறைகிறது.

பக்கவாதத்திலோ தண்டுவடக் காயத்திலோ மூளையிலிருந்து வரும் கட்டுப்பாடு அறுபடும்போது இந்த வளையம் மிகையாகச் செயல்படத் தொடங்குகிறது. காலை மெதுவாக மடக்கினால் இணங்கும் தசை, வேகமாக மடக்கினால் பிடித்துக்கொள்கிறது. வேகத்தைப் பொறுத்துக் கூடும் இந்த இறுக்கத்தை 1980-இல் ஜேம்ஸ் லான்ஸ் வகுத்த வரையறை இன்றும் மருத்துவ உலகில் வழங்குகிறது. கெண்டைக்கால் தசை இப்படி இறுகும்போது குதிகால் தரையில் படியாமல் முன்பாதம் மட்டும் ஊன்றுகிறது, நடை தடுமாறுகிறது. தோல் வழி மின்தூண்டல் இங்கேதான் பயன்படுத்தப்படுகிறது. அதன் விளைவை அளப்பதற்கான கருவியும் ஒரு வகை மின்தூண்டல்தான்.

அந்த அளவுகோலுக்கு எச்-அனிச்சை என்று பெயர். 1910-இல் இதை முதலில் காட்டிய ஜெர்மானிய உடலியங்கியல் அறிஞர் பால் ஹாஃப்மன் பெயரின் முதலெழுத்தே அந்த 'எச்'. சோதனைக்கு வருபவரைக் குப்புறப் படுக்கவைத்து, முழங்காலின் பின்குழியில் ஓடும் டிபியல் நரம்பின் மேல் ஒரு மின்முனையை வைக்கிறார்கள். கெண்டைக்காலின் ஆழத்தில் உள்ள சோலியஸ் தசையின் மேல் பதிவு மின்முனைகளை ஒட்டுகிறார்கள். பிறகு ஒரு மில்லி விநாடி நீளமுள்ள ஒற்றைத் துடிப்பை மிகக் குறைந்த அளவிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டிச் செல்கிறார்கள். முதலில் திரையில் எதுவும் தெரியாது. நோயாளி காலில் மெல்லிய குறுகுறுப்பை மட்டும் சொல்வார். இன்னும் சற்றுக் கூட்டியதும், துடிப்பு கொடுத்து ஏறத்தாழ 30 மில்லி விநாடி கழித்து ஓர் அலை எழும். முழங்காலுக்கும் கெண்டைக்காலுக்கும் இடையில் உள்ள தூரம் ஒரு சாண்தான். அதைக் கடக்க அவ்வளவு நேரம் வேண்டியதில்லை. செய்தி முழங்காலிலிருந்து முதுகு வரை ஏறி, தண்டுவடத்தில் ஒரு சினாப்ஸைக் கடந்து, மீண்டும் கெண்டைக்கால் வரை இறங்கி, மொத்தம் ஒன்றரை மீட்டர் அளவுக்குப் பயணம் செய்திருக்கிறது. நொடிக்கு 50 மீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் அந்தப் பயணத்துக்கு ஆகும் நேரம்தான் அந்த 30 மில்லி விநாடி. உயரமானவர்களுக்கு இது சற்று நீளும்.

மின்சாரத்தை மேலும் கூட்டும்போது நடப்பது, முதன்முறை பார்ப்பவர்களைத் திகைக்கவைக்கும். வெறும் ஐந்தாறு மில்லி விநாடியிலேயே இன்னோர் அலை முளைக்கிறது. இது இயக்க இழைகள் நேரடியாகத் தூண்டப்பட்டதன் அடையாளம், எம்-அலை என்பார்கள். அது வளர வளர, முன்பு பெரிதாக இருந்த எச்-அலை சிறுத்து, கடைசியில் மறைந்தே போகிறது. அதாவது மின்சாரம் கூடக் கூட அனிச்சை குறைகிறது. காரணம் இதுதான்: தடித்த உணர்வு இழைகள், குறிப்பாக நீண்ட துடிப்புக்கு, குறைந்த மின்சாரத்திலேயே இணங்குகின்றன, ஆகவே அவை முதலில் விழிக்கின்றன. பின்னர் இயக்க இழைகளும் விழிக்கும்போது, அவற்றில் ஒரு செய்தி கீழே தசைக்கும் இன்னொன்று எதிர்த்திசையில் தண்டுவடத்துக்கும் ஓடுகிறது. மேலே போகும் அந்தச் செய்தி, அனிச்சையாக இறங்கி வரும் செய்தியை வழியில் மோதி அழித்துவிடுகிறது. வெறும் நரம்பிழை இயற்பியலான இந்த உண்மை, சிகிச்சைக்கு வருபவர்களிடையே பரவலாக உள்ள ஒரு நம்பிக்கையைக் கேள்விக்குள்ளாக்குகிறது. "நல்லாக் கூட்டி வைங்க, அப்பதான் பிடிக்கும்" என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் அளவைக் கூட்டுவது அதே விளைவை அதிகமாகத் தருவதில்லை, தூண்டப்படும் இழைகளின் கலவையையே மாற்றிவிடுகிறது.

இதே துடிப்பை அடுத்தடுத்துக் கொடுத்தால் அனிச்சை தளர்ந்துவிடும். ஒரு முறை செய்தி அனுப்பிய உணர்வு இழையின் நுனியில், அடுத்த முறைக்கு வெளியேறும் வேதித் தூதுப்பொருளின் அளவு சில நொடிகளுக்குக் குறைந்திருக்கும். இதனால்தான் எச்-அனிச்சையை முழு அளவில் அளக்க விரும்புவோர் இரண்டு துடிப்புகளுக்கு நடுவே ஏறத்தாழ 10 நொடி காத்திருக்கிறார்கள். தசை இறுக்கம் உள்ளவர்களிடம் இந்தத் தளர்ச்சி இயல்பைவிடக் குறைவாக இருப்பது பல ஆய்வுகளில் காணப்பட்டிருக்கிறது. இறுக்கத்துக்கு மூளையின் கட்டுப்பாடு போனது மட்டும் காரணமன்று, தண்டுவடத்தின் உள்ளே இருந்த தடையும் தேய்ந்துபோயிருக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று.

அந்தத் தடைகளில் சிகிச்சைக்கு மிகவும் பயன்படுவது எதிர்த்தசைத் தடை. பாதத்தை மேலே தூக்கும் தசை வேலை செய்யும்போது, அதைக் கீழே அழுத்தும் கெண்டைக்கால் தசை தானாகத் தளர வேண்டும். இல்லையென்றால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நிற்கும். உடலியங்கியல் அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன் விலங்குகளில் விரிவாக ஆராய்ந்த இந்த ஏற்பாடு, தண்டுவடத்தில் ஒரே ஓர் இடைநரம்பணுவின் மூலம் நடக்கிறது. முழங்காலுக்கு வெளிப்புறம், சற்றுக் கீழே, கீழ்க்காலின் வெளிப்புற எலும்பான ஃபிபுலாவின் தலையை ஒட்டி வளைந்து ஓடும் பெரோனியல் நரம்பு தோலுக்கு மிக அருகில் இருக்கிறது. அங்கே ஒரு மெல்லிய துடிப்பைக் கொடுத்து, இரண்டு மூன்று மில்லி விநாடி கழித்து எச்-அனிச்சையை எழுப்பினால், அலை வழக்கத்தைவிடச் சிறியதாக வருகிறது. இடைவெளியைப் பத்து இருபது மில்லி விநாடியாக நீட்டினால் இரண்டாவதாக ஒரு தணிவு தெரிகிறது, நூறு மில்லி விநாடியை ஒட்டி மூன்றாவதாக ஒன்று. பின்னிரண்டும் இயக்க நரம்பணுவைத் தொடாமல், அதற்குச் செய்தி கொண்டுவரும் உணர்வு இழையின் நுனியிலேயே கதவடைப்பவை என்று கருதப்படுகிறது. பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு முதல் வகைத் தடை மங்கிவிடுகிறது. சிலரிடம் தடைக்குப் பதிலாகத் தூண்டுதலே தோன்றிவிடுவதையும் டென்மார்க் ஆய்வாளர்கள் 2003-இல் பதிவு செய்தார்கள். பாதத்தைத் தூக்க முயலும் ஒருவருக்குக் கெண்டைக்கால் முரண்டு பிடிப்பதன் பின்னணியில் இதற்கும் பங்கு உண்டு.

அதே 2003-இல் வெளியான இன்னோர் ஆய்வு, தாளத்தின் முக்கியத்துவத்தை மிகத் தெளிவாகக் காட்டுகிறது. மோனிகா பெரெஸும் சக ஆய்வாளர்களும் நலமுள்ளவர்களின் பெரோனியல் நரம்பை அரை மணி நேரம் தூண்டினார்கள். ஒரு முறையில், ஒன்றரை நொடிக்கு ஒரு தடவை, 100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 100 துடிப்பு) வேகத்தில் பத்துப் பத்துத் துடிப்புகள் கொத்தாகத் தரப்பட்டன. மற்றொரு முறையில், அதே எண்ணிக்கைத் துடிப்புகள் 150 மில்லி விநாடிக்கு ஒன்றாகச் சீராகப் பரப்பித் தரப்பட்டன. மொத்தத் துடிப்பு ஒன்றுதான். ஆனால் கொத்தாகத் தந்தபோது மட்டும் எதிர்த்தசைத் தடை வலுப்பட்டது. நடக்கும்போது பாதத்தைத் தூக்கும் தசையின் உணர்வு இழைகளிலிருந்து இயல்பாக வரும் செய்தியும் கொத்துக் கொத்தாகவே வரும் என்பதால்தான் ஆய்வாளர்கள் அந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். தண்டுவடம் தனக்குப் பழகிய தாளத்துக்குச் செவிசாய்க்கிறது என்றே இதைப் படிக்கத் தோன்றுகிறது. அந்த விளைவு தூண்டலை நிறுத்திய சில நிமிடங்களில் மங்கிவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு முறை வைத்த கரன்ட் தண்டுவடத்தை நிரந்தரமாகத் திருத்திவிடுவதில்லை.

இதுவரை சொன்னது தசையின் உணர்வு இழைகளைப் பற்றி. மின்முனைக்கு நேர் கீழே இருக்கும் தோலுக்கும் தனியான அனிச்சைகள் உண்டு; அவை இன்னும் சிக்கலானவை. கால் கட்டைவிரலை முள் குத்தினால் இடுப்பும் முழங்காலும் கணுக்காலும் ஒருசேர மடங்கிக் காலை இழுத்துக்கொள்கின்றன. ஆய்வகத்தில் முள்ளுக்குப் பதில் மின்துடிப்பு: கணுக்காலின் வெளிப்புறத்துக்குப் பின்னால் ஓடும் சூரல் நரம்பைத் தூண்டினால், தொடையின் பின்தசையில் ஏறத்தாழ 90 மில்லி விநாடிக்குப் பின் ஓர் அலை எழுகிறது. அது தோன்றத் தொடங்கும் மின்னளவும், அந்த மனிதர் "வலிக்கிறது" என்று சொல்லத் தொடங்கும் மின்னளவும் ஏறத்தாழ ஒன்றே என்று பிரான்சைச் சேர்ந்த வில்லர் 1977-இல் காட்டினார். அதன் பிறகு இந்த அனிச்சை வலி மருந்துகளைச் சோதிக்கும் அளவுகோல்களில் ஒன்றாயிற்று. கையில் நடப்பது இதற்கு நேர்மாறு. கட்டைவிரலை விடாமல் அழுத்திக்கொண்டிருக்கும் ஒருவரின் சுண்டுவிரலில் பலமான துடிப்பைக் கொடுத்தால், அவர் முயற்சியைக் கைவிடாதபோதும், 70, 80 மில்லி விநாடி கழித்துக் கட்டைவிரல் தசை ஏறத்தாழ 50 மில்லி விநாடிக்கு முற்றிலும் ஓய்ந்துவிடுகிறது. திரையில் அடர்ந்து துடித்துக்கொண்டிருந்த கோடு திடீரென நேர்கோடாகி மீண்டும் துடிப்பதைப் பார்க்கலாம். பிடித்திருக்கும் பொருள் கையைக் காயப்படுத்தினால் பிடியை விடுவிப்பதற்கான பாதுகாப்பு ஏற்பாடு இது என்று விளக்குகிறார்கள்.

இடம் மட்டுமன்று, கணமும் கணக்கில் வருகிறது. கனடாவில் ஜேனி யாங், ரிச்சர்ட் ஸ்டைன் இருவரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், நடந்துகொண்டிருப்பவர்களின் கணுக்காலில் டிபியல் நரம்பை வலிக்காத அளவில் தூண்டினார்கள். பாதத்தைத் தூக்கும் தசை, கால் தரையை விட்டு எழுந்த தொடக்கத்தில் அதனால் தூண்டப்பட்டது. அதே கால் தரையில் இறங்கப் போகும் தறுவாயில் அதே துடிப்பால் அடக்கப்பட்டது. எழும் காலில் எதாவது இடறினால் பாதத்தை உயர்த்துவது நல்லது. ஊன்றப்போகும் காலில் அது விழவைத்துவிடும். நடையின் எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்பதைக் கணக்கிட்டே தண்டுவடம் பதில் சொல்கிறது.

டென்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் தோல்வழி நரம்பு மின்தூண்டல் முறை முதலில் வலிக்காக வந்தது. மெல்சாக், வால் என்னும் இரு ஆய்வாளர்கள் 1965-இல் முன்வைத்த வாயில் கட்டுப்பாட்டுக் கோட்பாடுதான் அதற்கு வித்து: தடித்த தொடு இழைகளை எழுப்பினால் மெல்லிய வலி இழைகளின் செய்தி தண்டுவடத்திலேயே தடுக்கப்படும் என்பது அதன் சாரம். தசை இறுக்கத்துக்கு இதே கருவியை முறையாகச் சோதித்தவர்களில் முக்கியமானவர்கள் மின்டி லெவின், கிறிஸ்டினா ஹுய்-சான். பக்கவாதம் வந்தவர்களின் பெரோனியல் நரம்பின் மேல் நாளுக்கு ஒரு மணி நேரம், மூன்று வாரம் தூண்டியபோது, கெண்டைக்காலின் இறுக்கமும் நீட்சி அனிச்சையும் குறைந்தன, பாதத்தைத் தூக்கும் வலுவும் கூடியது என்று 1992-இல் அவர்கள் வெளியிட்டார்கள். எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது கடைசிப் பகுதி. தசையின் இறுக்கம் குறைந்தும் நோயாளியால் எதுவும் கூடுதலாகச் செய்ய முடியவில்லை என்றால் அந்தக் குறைவு ஏட்டளவில் நின்றுவிடும்.

ஹாங்காங்கில் நடந்த அடுத்த பெரிய சோதனை அந்தக் கவலைக்குப் பதில் தேடியது. ங் என்னும் ஆய்வாளரும் ஹுய்-சானும் 2007-இல் வெளியிட்ட அந்த ஆய்வில், பக்கவாதம் வந்த 88 பேரைப் பிரித்து, ஒரு பிரிவுக்கு டென்ஸ் மட்டும், ஒரு பிரிவுக்கு டென்ஸும் நடை சார்ந்த பயிற்சியும், ஒரு பிரிவுக்குப் போலி டென்ஸும் பயிற்சியும் தந்தார்கள்; மற்றொரு பிரிவுக்கு எதுவும் தரவில்லை. வாரத்துக்கு ஐந்து நாள், நான்கு வாரம், வீட்டிலேயே செய்துகொள்ளும்படி அமைத்திருந்தார்கள். கணுக்காலின் வலுவிலும் நடை வேகத்திலும் சிறந்த முன்னேற்றம் கண்டது, டென்ஸையும் பயிற்சியையும் சேர்த்துப் பெற்ற பிரிவு. பின்வந்த தொகுப்பாய்வுகளும் பெரும்பாலும் இதே திசையில்தான் நிற்கின்றன. மின்தூண்டல் தனியே செய்யும் நன்மை சிறியது. மற்ற இயன்முறைப் பயிற்சியோடு சேரும்போது அது அர்த்தமுள்ளதாகிறது. பேட்டை ஒட்டிவிட்டு நோயாளியை அரை மணி நேரம் சும்மா படுக்கவைத்து அனுப்பிவிடும் வழக்கத்தை இந்தச் சான்றுகள் ஆதரிக்கவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இறுக்கம் தளர்ந்திருக்கும் அந்தக் குறுகிய நேரம், காலை நீட்டவும் ஊன்றவும் நடக்கவும் கிடைத்த நேரம். அது கட்டிலில் கழியக் கூடாது.

அனிச்சையைத் தணிக்காமல், அதையே வேலைக்கு அமர்த்தும் வழியும் உண்டு. ஸ்லோவேனியாவின் லியுப்லியானாவில் கிரால்ஜ், பாய்த் முதலியோர், தண்டுவடக் காயத்தால் கால் செயலிழந்தவர்களின் பெரோனியல் நரம்பைச் சற்றுப் பலமாகத் தூண்டி, காலை இழுத்துக்கொள்ளும் அனிச்சையை எழுப்பி, அதனாலேயே இடுப்பையும் முழங்காலையும் மடக்கி ஓர் அடி எடுத்துவைக்கச் செய்தார்கள். ஒவ்வொரு தசைக்கும் தனித்தனி மின்முனை வைக்காமல் ஒரே நரம்பின் மூலம் முழு அசைவையும் பெறுவது அதன் அழகு. ஆனால் இந்த அனிச்சை விரைவில் பழகி மங்கிவிடும். பத்தாவது அடியில் கிடைக்கும் மடக்கம் முதலடியில் கிடைத்ததைப் போல இராது. அதுவே அம்முறையின் எல்லையாக அமைந்தது.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக. உடலில் பேஸ்மேக்கர் உள்ளவர்கள் மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் இதைப் பயன்படுத்தக் கூடாது. கழுத்தின் முன்பக்கம், கர்ப்பிணிகளின் வயிறு ஆகிய இடங்களில் மின்முனை வைக்கக் கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும் எச்சரிக்கை தேவை. நம் ஊரில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது மரத்துப்போன தோல். நீண்டகால நீரிழிவாலோ தொழுநோயாலோ உணர்வு குன்றிய கால்களில், நோயாளி "குறுகுறுக்கிறது" என்று சொல்வதை நம்பி அளவு வைக்க முடியாது. சூடோ எரிச்சலோ அவருக்குத் தெரியாமலே புண் ஏற்படலாம். தொடங்குவதற்கு முன் தோலைத் தொட்டுச் சோதிப்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

கடந்த இருபதாண்டுகளில் ஆய்வின் கவனம் காலிலிருந்து முதுகுக்கு நகர்ந்திருக்கிறது. வியன்னாவைச் சேர்ந்த மினாசியன் குழுவினர் 2007-இல், கீழ் முதுகெலும்பின் மேல் தோலில் ஒரு மின்முனையும் வயிற்றில் இன்னொன்றும் வைத்து, தண்டுவடத்துக்குள் நுழையும் நரம்புக் கற்றைகளான பின்வேர்களின் உணர்வு இழைகளைத் தூண்ட முடியும் என்று காட்டினார்கள். ஒரே துடிப்பில் இரு கால்களின் பல தசைகளிலும், எச்-அனிச்சையைப் போன்ற அலைகள் எழுந்தன. முழங்காலின் பின்னால் தூண்டிய அதே வகை இழைகளை, அவை தண்டுவடத்தில் நுழையும் வாசலிலேயே தூண்டுகிறோம் என்பதுதான் வேறுபாடு. பாதை குறுகுவதால் அலையும் விரைவாக வந்துவிடுகிறது. ஒற்றைத் துடிப்பு இப்படித் தசைகளைத் துள்ளவைக்க, தசையசைவு எழாத அளவில் 50 ஹெர்ட்ஸ் தொடர்துடிப்பை அரை மணி நேரம் தந்தபோது, தண்டுவடக் காயமுற்றவர்களின் தசை இறுக்கம் தணிந்து, அந்தத் தணிவு சில மணி நேரம் நீடித்தது. கழுத்துப் பகுதியில் இதே முறையைக் கைகளுக்காகச் சோதித்த பன்னாட்டு ஆய்வு ஒன்றில், பயிற்சியோடு சேர்த்துத் தூண்டல் பெற்ற 60 பேரில் 72 விழுக்காட்டினர் கையின் வலுவிலும் பயன்பாட்டிலும் முன்னேற்றம் கண்டார்கள். அதன் முடிவுகள் 2024-இல் வெளியாயின; அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அந்த ஆய்வில் பயன்பட்ட தூண்டல் கருவிக்கு அனுமதி அளித்தது. அந்த அனுமதி, தண்டுவடம் முழுவதும் அறுபடாத, காயம் நாட்பட்ட நோயாளிகளின் கைச் செயல்பாட்டுக்கானது. காலின் இறுக்கத்துக்கோ பக்கவாதத்துக்கோ தரப்பட்டதன்று.